இன்னும் சலைன் ஏற்றலாமா? சிரை சொல்லும் சேதி

டெங்கு முற்றி, கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து வரும் குழந்தைக்கு உடனே சலைன் ஏற்றியாக வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் அடுத்த சில மணி நேரத்தில் வருகிறது. குறைத்தால் ரத்த ஓட்டம் தேறாது. கூட்டினால், ரத்தக்குழாயிலிருந்து ஏற்கெனவே கசியும் நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சு முட்டும்.

கட்டில் அருகிலேயே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இங்கேதான் கைகொடுக்கிறது. நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ஜெல் தடவி, கருவியை லேசாக வைத்தால் கல்லீரலை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை தெரியும். உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்தில் சேர்க்கும் கீழ்ப்பெருஞ்சிரை அது. குழந்தை மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, ரத்தம் இதயத்துக்குள் இழுபட, சிரை சுருங்கும். மூச்சை விட்டதும் விரியும். உடலில் நீர் வற்றியிருந்தால் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கும். நீர் மிகுந்தாலோ இதயம் தளர்ந்தாலோ உப்பியபடியே நிற்கும். வென்டிலேட்டரில் இருந்தால் தலைகீழ்: இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும்போது சிரை விரியும்.

பெரியவர்களுக்கு 2.1 சென்டிமீட்டர் அகலம், 50 சதவீதச் சுருக்கம் என்று ஓர் அளவுகோல் உண்டு. கைக்குழந்தைக்கும் பத்து வயதுச் சிறுமிக்கும் ஒரே அகலம் எப்படிப் பொருந்தும்? அதனால் பக்கத்தில் ஓடும் பெருந்தமனியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். குழந்தை வீறிட்டு அழுதால் அதுவும் போச்சு. கருவியைச் சற்று அழுத்தினாலே சிரை நசுங்கி, இல்லாத வறட்சியைக் காட்டிவிடும். தாய் தலைமாட்டில் நின்று தட்டிக்கொடுத்து, அழுகை அடங்கிய பிறகு எடுக்கும் படத்தைத்தான் நம்பலாம்.

நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் சிரை சுருங்கும். ஆகவே சுருங்கிய சிரை, சலைன் ஏற்றச் சொல்லும் உத்தரவு அல்ல. உப்பிய சிரைக்குத்தான் நான் கூடுதல் மதிப்பளிப்பேன்: ‘நிறுத்து, இதயத்தையும் நுரையீரலையும் பார்’ என்கிறது அது. அளவு மீறிய திரவம் எவ்வளவு கொடியது என்பதை 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு காட்டியது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிவந்த 3,141 குழந்தைகளில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் சுமார் 10.5 சதவீதம் பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். அது டெங்கு ஆய்வல்ல, தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனைகளில் நடந்தது. ஆனாலும் அதன் எச்சரிக்கையை ஒதுக்க முடியாது.

டெங்குவில் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிறகு கசிந்த நீர் ரத்தக்குழாய்க்கே திரும்பும். அப்போதும் ட்ரிப்ஸ் பழைய வேகத்தில் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். நாடி, சிறுநீர், ரத்தத்தின் அடர்த்தி இவற்றோடு சிரையையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய நேரம் அது.