பழைய டூரிங் பைக்கில் முதலில் எதை மாற்ற வேண்டும்? ஏன்?

1990இல் அறிமுகமான ஹோண்டா எஸ்டி1100 போன்ற பழைய ஸ்போர்ட் டூரிங் பைக்கை வாங்கினால், முதலில் பிரேக்கைக் கவனியுங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது; 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ஆயில் சூடேறி ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவரை அழுத்தினாலும் விசை முழுதாகப் பேடுக்குப் போய்ச் சேராது.

பழைய ரப்பர் ஹோஸும் அழுத்தத்தில் சற்றே உப்பும். எஃகு இழை பின்னிய ஹோஸ் அவ்வளவாக உப்பாது.

அடுத்தது டயர். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் தேயாவிட்டாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும்.

வேகத்தைக் கூட்டுமுன், நிற்கும் திறனை மீட்டுக்கொள்ளுங்கள்.