பழைய வீட்டுக்கு மண்ணின் வண்ணம்

வீட்டைப் புதுப்பிப்பது என்றவுடன் இந்நாளில் பலருக்கும் நினைவுக்கு வருவன சிமெண்டு மூட்டையும் பளபளக்கும் வண்ண டப்பாவுமேயாகும். குளத்தூர் வட்டாரத்தில் நம் அங்கத்தினர்கள் வாழும் பழைய இல்லங்கள் பல, செங்கல்லும் மண்சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டு பாட்டன் காலத்தில் எழுந்தவை. மங்கிய சுவரையும் பெயர்ந்த தரையையும் மாற்றவேண்டுமென்று இளைய தலைமுறையினர் விரும்புவது இயல்பே, நியாயமும் கூட. ஆயினும் எதைக்கொண்டு மாற்றுவது, எவ்வண்ணம் தீட்டுவது என்பதில் சற்று நிதானம் வேண்டும். கடன் பெற்றுச் செய்யும் வேலை, அக்கடன் தீருமுன்னரே கெட்டுப் போகலாகாதல்லவா?

சென்ற ஆண்டு தணிக்கைக்குச் சென்றிருந்த ஓர் ஊரில் நெசவாளர் ஒருவரின் இல்லத்தைக் காண நேர்ந்தது. ஓட்டு வீடு, முகப்பில் திண்ணை, உள்ளே இரண்டு குழித்தறிகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசி, அதன்மேல் கிளிப்பச்சை எண்ணெய் வண்ணம் அடித்திருந்தார்கள். நான் கண்டபோது தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்ட இடமெல்லாம் அப்பளம்போல் உதிர்ந்தது. சுவரோரம் வைத்திருந்த கஞ்சி போட்ட பாவில் பூஞ்சணப் புள்ளிகள். அவ்வீட்டு மூதாட்டி, "மழை நின்னு மாசம் ரெண்டாச்சுங்க ஐயா, சொவரு இன்னும் வேர்க்குது" என்றார். நோயின் பெயரை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது.

பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் ஏதும் கிடையாது. ஆகவே நிலத்தின் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லினூடே மெல்ல மேலேறுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் அந்த ஈரம் அவ்வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியைக் குறுக்கிவிடுகிறது. எண்ணெய் வண்ணமும் பிளாஸ்டிக் வண்ணமும் மிச்சமிருப்பதையும் அடைத்துவிடுகின்றன. வெளியேற வழியற்ற ஈரம் மேலும் உயரே ஏறுகிறது. அதில் கரைந்துள்ள உவர்ப்பு உப்புகள் பூச்சுக்கடியில் படிகமாகி, பூச்சையே நெம்பித் தள்ளுகின்றன. சுவர் 'உப்புப் பூத்துவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். மேலும் ஒருமுறை வண்ணமடித்தால் நோய் மறையுமேயன்றித் தீராது.

சிமெண்டைப் பழிப்பது என் கருத்தன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் 1824ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்ற நாள் தொட்டு உலகின் முகமே மாறிவிட்டது. பாலத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் அது வேண்டும். மண்சாந்துச் சுவருக்கு மட்டும் அது பொருந்தாத மருமகன்.

அப்படியானால் பழைய வீட்டைப் புதுப்பிக்க வழி யாது? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்று ஒன்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் சுமார் 16 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலை அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஓவியத்துக்காகவே அதனைக் காணச் செல்கிறோம். அது ஒரு 'புதுப்பித்த கட்டடம்' என்பதைக் கவனிப்போர் குறைவு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமண ஆசான் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னே ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. ஓவியங்களும் அக்காலத்தனவே என்பது அறிஞர் பலர் முடிவு.

அவர் கையாண்ட பொருள்கள் எவை? 1930களில் சென்னை அரசினர் அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அவ்வோவியங்களை ஆராய்ந்தார். அடியில் சுண்ணாம்புப் பூச்சு. வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சட்காவி, சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண். தாமரைத் தடாகத்தில் பல பகுதிகள் சிதைந்துவிட்டன. எனினும் எஞ்சிய காவி இன்றும் காவியாகவே விளங்குகிறது. எந்த வண்ணக் கம்பெனியும் இத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் எழுதித் தருவதில்லை!

காவி நிலைப்பதற்குக் காரணம் உண்டு. அது இரும்பின் துரு. அதாவது இரும்பு ஆக்சைடு. வெயிலில் மாறவேண்டியதெல்லாம் ஏற்கெனவே மாறி அடங்கிய பொருள். சுண்ணாம்பின் காரமும் அதனை ஒன்றும் செய்யாது. மஞ்சட்காவியை வறுத்தால் அதனுள் பிணைந்த நீர் நீங்கிச் செங்காவியாகும் என்பதால், இவ்விரண்டும் ஒரே குடும்பத்தவை; அருகருகே தீட்டினால் கண்ணை உறுத்தா. இதற்கு மாறாக, சமையல் மஞ்சள் சுண்ணாம்புடன் சேர்ந்தால் என்னாகும் என்பதை ஆரத்தி கரைக்கும் பெண்கள் அறிவர். சிவந்து, பின்னர் வெயிலில் வெளிறிவிடும். பிரஷ்யன் நீலமும் சுண்ணாம்பில் நிலைக்காது.

கடையில் 'காவி' என்று விற்பதெல்லாம் காவியன்று. சாயமேற்றிய பொடியும் உண்டு. ஒரு சிட்டிகைப் பொடியை ஈரச் சுண்ணாம்பில் குழைத்து ஓட்டுச்சில்லில் தடவி, பாதியை மூடி, பத்து நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள். இரு பாதியும் ஒன்றுபோல் இருந்தால் வாங்கலாம். நம்மூர்ச் செம்மண்ணையே பயன்படுத்த விரும்புவோர் அதனை அப்படியே கலத்தல் கூடாது. நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேல்நீரை வேறு பாத்திரத்தில் வடித்து, அதில் படியும் மெல்லிய வண்டலையே கொள்ள வேண்டும். காவி எதுவாயினும் சுண்ணாம்பு விழுதின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. மிகுந்தால் கையில் ஒட்டும்.

நிற்க. நெசவாளர் இல்லத்தில் வண்ணம் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் மாநகரத்துக் கோபலின் நெசவாலையின் சாயப்பகுதிக்கு 1824ஆம் ஆண்டில் தலைமை ஏற்றவர் ஷெவ்ரல் என்னும் வேதியியலறிஞர். அங்குச் சாயமிட்ட கருப்பு நூல் போதிய கருமையின்றி இருப்பதாகப் புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே கருப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் அடுத்த நிறத்தால் மாறித் தோன்றுவதை விளக்கி 1839ஆம் ஆண்டில் அவர் பெருநூல் ஒன்றே வெளியிட்டார். நான் சொன்ன அக்கிளிப்பச்சைச் சுவரை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை ஏறியிருக்கும். அவ்வொளியில் தேர்ந்த மாந்தளிர் நூல் வெளியே வெயிலில் வேறாகத் தெரியும். நிறம் ஒவ்வாத சேலை சங்கத்துக்குத் திரும்பினால் நட்டம் யாருக்கு?

ஆகையால் தறிக்கூடத்துக்கு ஏறக்குறைய வெள்ளையே தக்கது. வெண்மையின் கூச்சம் தணியும் அளவுக்கு மஞ்சட்காவி ஒரு துளி போதும். அடர்ந்த காவியும் தன் நிறத்தை நூலின்மேல் வீசத்தான் செய்யும். சன்னல் சிறுத்த நம் வீடுகளில் அது இருளையும் கூட்டும். செங்காவியைச் சுவரின் அடிப்பட்டைக்கும் திண்ணைக்கும் வாயிற்புறத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். தெறிக்கும் சேறும் அதில் தெரியாது. விவசாயிகளின் குதிரடிக்கும் விதை அறைக்கும் வெறுஞ் சுண்ணாம்பே நன்று. நடைக்கும் முற்றத்துச் சுவருக்கும் இளம்மஞ்சட்காவி அடித்தால், மேலுள்ள ஓட்டின் சிவப்பும் மரத்தூணின் பழுப்பும் அதனோடு இசைந்துவிடும். கதவு நிலைகளின் பழைய எனாமலைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாலே போதுமானது. தரை முழுவதும் வழுக்கும் ஓடு பதிப்பது குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கை: குழித்தறியைச் சுற்றியுள்ள மண்தரையின் மிதமான ஈரப்பதம் பாவு அறுவதைக் குறைக்கிறது. அதனை விட்டுவைத்து, மற்ற இடத்தைப் புதுப்பியுங்கள்.

செய்முறையில் அவசரம் ஆகாது. சிமெண்டையும் எண்ணெய் வண்ணத்தையும் முற்றிலும் நீக்காமல் சுண்ணாம்பு பிடிக்காது. நீக்கிய சுவர் சில வாரங்கள் உலரட்டும். பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி, சுவரை நனைத்து, பால்போல் நீர்த்த காவிச் சுண்ணாம்பை மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். ஒரே முறையில் தடித்து அடித்தால் ஏடேடாகப் பெயரும். ஈரமாக இருக்கையில் அடர்ந்து தோன்றும் நிறம் உலர்ந்தபின் பெரிதும் வெளிறும். அதை எதிர்பார்த்தே கலக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாவதால், சித்திரை வெயிலில் சடுதியாக உலர்த்துவதும் ஐப்பசி மழையில் அடிப்பதும் தவறு. மழை ஓய்ந்த தை, மாசியே இதற்கேற்ற காலம்.

சுட்ட சுண்ணாம்பை நீரில் போட்டால் கொதித்தெழும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளித்த சுண்ணாம்பு எத்தனை நாள் நீருக்கடியில் ஊறுகிறதோ அத்தனைக்கு வெண்ணெய்போல் மென்மையாகும். ஓர் ஊரில் பத்து வீட்டார் சேர்ந்தால் சுண்ணாம்பையும் காவியையும் மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கி, ஒரே தொட்டியில் ஊறவைக்கலாம். தைக்குத் தேவைப்படுவோர் ஐப்பசியிலேயே தொட்டியை நிரப்பிவிடுவது நலம்.