சீமைச் சமையலறையில் ஒரு ஜாடி சைடர்

நம்மூரில் புரட்டாசி, ஐப்பசி நடக்கும்போது இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் ஆப்பிள் உதிரும் காலம். சாமர்செட், டெவன், ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கங்களில் கொல்லையில் ஒரே ஒரு மரம் இருந்தால்கூடப் போதும், தின்று தீராது. அண்டை அயலுக்குக் கொடுத்து, ஜாம் கிளறி, அப்படியும் கூடை கூடையாக மிஞ்சும். மிஞ்சியதைச் சாறு பிழிந்து புளிக்க வைப்பதுதான் சைடர்.

"நமக்கெதுக்கு இந்தக் கதை?" என்று முகம் சுளிக்காதீர்கள். பெண்ணோ பிள்ளையோ அங்கே குடித்தனம் செய்யும் வீடுகள் நம்மில் எத்தனையோ! "அம்மா, பக்கத்து வீட்டுல நாலு கூடை ஆப்பிள் கொடுத்தாங்க, சைடர் போடப் போறோம்" என்று மகள் போனில் சொன்னால், பதறாமல் நாலு கேள்வி கேட்க நமக்கும் விஷயம் தெரிய வேண்டாமா?

முதலில் ஒரு வார்த்தை

சைடர் சாராய சத்துள்ள பானம்தான். பழச்சாறு என்ற பெயரில் ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் புளிக்காத சாற்றையும் சைடர் என்பார்கள். புளித்தது அங்கே 'ஹார்ட் சைடர்'. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்ளலாம். விற்பதென்றால் விதிமுறைகள் வேறு. தமிழ்நாட்டிலோ 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே யாரும் ஜாடியை எடுக்க வேண்டாம்!

எப்படிச் செய்கிறார்கள்?

சுமார் நாலரை லிட்டர் சைடருக்கு 8 முதல் 10 கிலோ ஆப்பிள் பிடிக்கும். கிங்ஸ்டன் பிளாக், டாபினெட் என்று சைடருக்கென்றே ரகங்கள் உண்டு. கடித்தால் துவர்க்கும், அந்தத் துவர்ப்புதான் சைடருக்கு ருசி. அவை கிடைக்காவிட்டால் இனிப்பு ஆப்பிளோடு கொஞ்சம் புளிப்பு ஆப்பிளைக் கலந்துகொள்கிறார்கள்.

பறித்த பழத்தை ஓரிரு வாரம் வைத்திருந்து, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் கழுவி நசுக்குகிறார்கள். அடிபட்டது பரவாயில்லை. அழுகியது, பூசணம் பூத்தது ஒன்றுகூடச் சேரக்கூடாது. ஆடு மாடு மேயும் தரையில் விழுந்ததையும் ஒதுக்கிவிட வேண்டும்.

பிழியும் யந்திரம் இல்லாத வீட்டில் ஒரு சுலப வழி உண்டு. ஆப்பிளை நறுக்கி ஃப்ரீசரில் உறைய வைத்து, பிறகு இளக விட்டால், துணியில் கட்டிப் பிழியும்போது சாறு தாராளமாக இறங்கும். கடையில் டப்பாச் சாறு வாங்குவதானால், கெடாமலிருக்க மருந்து சேர்த்ததா என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் சார்பேட் சேர்த்த சாற்றில் ஈஸ்ட் வளராது.

சாற்றில் ஒரு காம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். வேண்டாத கிருமிகள் அடங்கும். (இந்த மாத்திரையில் உள்ள சல்ஃபைட் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை உண்டாக்கும், ஜாக்கிரதை!) அதன்பின் ஒரு பொட்டலம் சைடர் ஈஸ்ட். இட்லி மாவு பொங்குகிறதே, அதே சமாசாரம்தான். மாவில் தானாக வரும் கிருமிகள் வேலை செய்கின்றன. இங்கே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது.

ஜாடியின் வாயில் 'ஏர்லாக்' என்ற சிறு குழாய். உள்ளிருந்து வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. காற்றும் பழ ஈயும் புகுந்தால் சைடர் வினிகராகிவிடும். 15 முதல் 20 டிகிரி செல்ஷியஸ் இருக்கும் மூலையில் ஜாடியை வைத்தால், ஓரிரண்டு நாளில் 'களக் களக்' என்று குமிழி கிளம்பும். சில வாரங்களில் அடங்கிவிடும்.

சீசா வெடிக்குமா?

வெடிக்கும்! முதல் முறை செய்பவர்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே சீசாவில் அடைத்தால், உள்ளே வாயு ஏறி ஏறிக் கண்ணாடி சிதறும். குமிழி நின்றதை மட்டும் நம்பக்கூடாது. ஹைட்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் 1.050 காட்டியது 1.000 அல்லது அதற்கும் கீழே இறங்கி, சில நாள் இடைவெளியில் மறுபடி பார்த்தாலும் அதே அளவில் நிற்க வேண்டும். அப்போது சாராய அளவு சுமார் ஆறரை சதவீதம்.

அடி மண்டியைக் கலக்காமல் குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறக்குவார்கள். நுரை வேண்டுமென்றால் அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை, அதற்கு மேல் கூடாது. பீர் அல்லது சோடா அடைக்கும் கெட்டியான சீசாதான் தாங்கும். ஜாம் பாட்டில் ஆகவே ஆகாது.

பாத்திரம் முக்கியம்

18-ம் நூற்றாண்டில் டெவன் ஜனங்களைக் கடும் வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் வாட்டின. ஆப்பிள் புளிப்பின் மேல் பழியைப் போட்டார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற வைத்தியர் 1767-ல் உண்மையைக் கண்டு சொன்னார்: சைடர் செக்குகளில் பதித்திருந்த காரீயம் புளிப்பில் கரைந்து உடம்பில் ஏறியிருக்கிறது! காரீயம் சேராத ஹெரிஃபோர்ட்ஷயர் சைடரில் அந்த விஷம் இல்லை. நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, காரீயம் வேறு. ஆனாலும் புளிப்புக்குக் கண்ணாடி, எவர்சில்வர், உணவுக்கான பிளாஸ்டிக் தவிர வேறெதுவும் வேண்டாம்.

குடும்பத்துக்கு நல்லதா?

"தினம் ஒரு ஆப்பிள்" என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது. மதுவில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. வண்டி ஓட்டுபவர்களும்தான்.

சைடர் தேசத்துப் பெண்களும் இதில் பட்டவர்கள்தான். பண்ணைக் கூலியில் ஒரு பங்கைச் சைடராகவே அளந்து கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. குழந்தைக்கு ரொட்டி வாங்க வேண்டிய காசு வீட்டுக்காரரின் குவளையில் போயிற்று! 1887-ம் வருஷத்துச் சட்டம்தான் அதற்குத் தடை போட்டது.

மகள் போன் செய்தால் கேளுங்கள்: பழத்தைக் கழுவினாயா? ஹைட்ரோமீட்டர் வாங்கினாயா? சீசா கெட்டியா? அதைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைத்தாயா? கூடவே, ஈஸ்ட் போடுவதற்கு முன்னாலேயே பேரக் குழந்தைகளுக்கென்று கொஞ்சம் சாற்றை எடுத்து, 70 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி ஆறவிட்டு, ஃப்ரிஜ்ஜில் வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தம்ளர் யாருக்கும் கெடுதல் செய்யாது.