பக்கவாத நோயாளிக்கு பிசியோதெரபி ஒரு மணி நேரம்... மீதி 23 மணி நேரம் யார் கையில்?

"காலையில பல்லு தேய்க்கப் போனாங்க. திரும்பி வரும்போது வாய் ஒரு பக்கமா கோணியிருந்துச்சு, வலது கை தொங்கிடுச்சு."

பக்கவாதம் பற்றிப் பேசும் எந்தக் குடும்பமும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்து 108-க்கு போன் பண்ணியது, ஸ்கேன் எடுத்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது வரும். இதெல்லாம் செய்திகளில் அடிக்கடி வருகிறது. வரவும் வேண்டும். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அந்த நாலரை மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் உயிர் பிழைத்த பிறகு வார்டில் கழியும் நாட்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த அம்மா இனிமேல் தானாகச் சாப்பிடுவாரா, பாத்ரூம் வரைக்கும் நடப்பாரா, இல்லை படுத்த படுக்கையாகி விடுவாரா என்பதில் பெரும் பங்கு அங்கேதான் முடிவாகிறது. அதில் டாக்டரை விட, பிசியோதெரபிஸ்டை விட அதிக நேரம் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ்.

ஒரு பேச்சுக்கு, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் இருக்கும் காவாந்தண்டலத்தில் இருந்து ஒரு மகன் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை என எங்கே போனாலும் அவர் பார்க்கப்போகும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான்.

வார்டில் யார் யார் வருகிறார்கள்?

காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். பிசியோதெரபிஸ்ட் வந்து கை காலை அசைத்து, உட்கார வைத்து, நிற்கப் பழக்குவார். அதிகபட்சம் ஒரு மணி நேரம், பல இடங்களில் அதற்கும் குறைவு. வசதி இருக்கும் இடமென்றால் பேச்சுப் பயிற்சி தருபவரும், சட்டை போடுவது, ஸ்பூன் பிடிப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் உண்டு. டயட்டீஷியன் உப்பு, சர்க்கரை பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்.

எல்லோரும் வருகிறார்கள், போகிறார்கள். மூன்று ஷிஃப்ட்டும் வார்டிலேயே இருப்பவர்கள் நர்ஸ்கள் மட்டும்தான். காலை பிசியோ சொன்னது மாலை ஷிஃப்ட்டுக்குத் தெரிய வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் பார்த்தது காலை டாக்டருக்குத் தெரிய வேண்டும். 'செவிலியர் பராமரிப்பு ஒருங்கிணைப்பு' என்று பெரிய பெயராகச் சொல்வது இதைத்தான். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். அது அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு ஆய்வு நடந்தது. சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர் தலைமையில் நடந்த அதன் முடிவு 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. புது மருந்து, புது மெஷின் எதுவும் கிடையாது. நர்ஸ்கள் மூன்று விஷயங்களை விடாமல் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்: காய்ச்சல் வந்தால் உடனே குறைப்பது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, வாய்வழியாக எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது.

90 நாள் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான பராமரிப்பு கிடைத்த பிரிவுகளில் இறந்தவர்கள் அல்லது உடல் இயக்கம் பாதிக்கப்பட்ட நிலையிலேயே இருந்தவர்கள் 58 சதவீதம். இந்த மூன்றையும் முறையாகச் செய்த பிரிவுகளில் 42 சதவீதம். தெர்மாமீட்டர், விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை டெஸ்ட், ஒரு டம்ளர் தண்ணீர். இவ்வளவு மலிவான பொருட்களால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்களா?

நம் வீடுகளில் புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். பக்கவாத நோயாளிக்குப் புரையேறினால் அதன் அர்த்தமே வேறு. சாப்பாடோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆனால், பக்கவாதத்தில் பிழைத்தவரை அதில் இழக்க நேரிடலாம்.

பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறுவதை வைத்துத்தான் பழகிய நர்ஸ் கண்டுபிடிப்பார்.

இப்போது அந்தக் காவாந்தண்டலம் மகனை யோசித்துப் பாருங்கள். அம்மா ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. ஊரிலிருந்து அத்தை தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்திருக்கிறார். பாசத்தில் படுத்த வாக்கிலேயே இரண்டு ஸ்பூன் ஊட்டிவிடுகிறார். தண்ணியா இருந்தால் ஈசியா இறங்கும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை தலைகீழ். தொண்டை பலவீனமானவருக்குத் தண்ணீர் மாதிரியான திரவம்தான் கட்டுப்படாமல் ஓடும், கொஞ்சம் கெட்டியானது பாதுகாப்பாக இறங்கும்.

அத்தையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கட்டிலின் தலைமாட்டில் 'வாய்வழியாக எதுவும் தரக்கூடாது' என்றோ, 'கெட்டியான உணவு மட்டும், நிமிர்ந்து உட்கார வைத்து, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்காமல்' என்றோ தமிழில் ஒரு அட்டை தொங்கினால் போதும். மாலை ஷிஃப்ட் நர்ஸுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். பல வார்டுகளில் இது கேஸ் ஷீட்டுக்குள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கலாமா?

காலையில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுக்கிறார்: "அம்மா, பாதத்தைத் தரையில் அழுத்துங்க, முன்னாடி சாயுங்க, வலது காலுக்கும் பாரம் கொடுத்து எழுந்திருங்க." அம்மா கஷ்டப்பட்டுச் செய்கிறார். மூளை அந்த அசைவை மறுபடி கற்கத் தொடங்குகிறது.

மத்தியானம் பாத்ரூம் போக வேண்டும். அவசரம். வார்டு ஊழியர் ஒருபக்கம், மகன் ஒருபக்கம், அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. காலையில் கற்றது வீண். அது மட்டுமில்லை. பக்கவாதத்தில் தோள்பட்டைத் தசைகள் தளர்ந்து, மூட்டைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் இருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், தாங்க முடியாத தோள்வலி வரும். வலி வந்தால் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டார்கள். "பிசியோ பண்ணியும் கை வரலை" என்று சொல்லும் சில வீடுகளில் கதை இப்படி ஒரு மத்தியானத்தில் தொடங்கியிருக்கும்.

ஒரு மணி நேரம் ஒரு முறை, 23 மணி நேரம் வேறு முறை என்றால் உடம்பு எதைக் கற்கும்? அதனால் பிசியோ சொல்லும் முறையை அவரிடமே கேட்டுக்கொண்டு, புரட்டிப் போடுவது, உட்கார வைப்பது, பெட்பேன் வைப்பது என எல்லாவற்றிலும் அதையே செய்ய வைப்பது நர்ஸின் வேலை. சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைப்பது, படுக்கையில் அந்தக் கைக்குக் கீழே தலையணை வைப்பது கூட இதில் சேரும்.

சீக்கிரம் நடக்க வைத்தால் நல்லதுதானே?

"நேத்தே நடக்க வெச்சிருந்தா இந்நேரம் சரியாகியிருக்கும்" என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார். நம்பிவிடாதீர்கள். ஐந்து நாடுகளில், 56 மருத்துவமனைகளில், 2,104 நோயாளிகளிடம் நடந்த 'அவெர்ட்' ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்தவர்களில் 46 சதவீதம் பேரும், வழக்கமான வேகத்தில் போனவர்களில் 50 சதவீதம் பேரும் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். அவசரம் உதவவில்லை, கொஞ்சம் கெடுத்தது என்றே சொல்லலாம்.

அதற்காகப் படுக்கையிலேயே விட்டுவிடுவதும் தப்பு. படுக்கைப்புண், காலில் ரத்தம் உறைவது, நிமோனியா எல்லாம் வரிசையாக வரும். எப்போது, எவ்வளவு என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். எழுப்பும்போது பிரஷர் இறங்குகிறதா, முகம் வெளுக்கிறதா என்று பார்த்துச் சொல்பவர் நர்ஸ்.

படுத்திருக்கும் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சிறுநீர் டியூப்பைத் தேவைக்கு மேல் ஒரு நாள் கூட வைத்திருக்கக் கூடாது, கிருமித் தொற்று வரும். இன்னொன்று, மனசு. மூன்றில் ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருகிறது. "அம்மா ரொம்ப அமைதியா இருக்காங்க, தொந்தரவே இல்லை" என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

ஒரே மேசையில் எல்லோரும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வரும் வேலூரில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வந்தது. டாக்டர், நர்ஸ், தெரபிஸ்ட் எல்லோரும் ஒரே நோயாளிக்கு ஒரே இலக்கு வைத்து வேலை செய்யும் துறை இது. சென்னை கே.கே. நகரிலும் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

இலக்கு என்றால் 'நல்லாயிடணும்' என்று பொத்தாம் பொதுவாக அல்ல. 'இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் பிடித்துக்கொள்ள, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறணும்' என்பது மாதிரி. சாப்பிடுவது, குளிப்பது, படி ஏறுவது என 10 அன்றாட வேலைகளுக்கு 100 வரை மதிப்பெண் போடும் பார்த்தல் அளவுகோல் 1965-லிருந்து உண்டு. வாரம் ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நர்ஸ் ஒருவர் இத்தனை கட்டில்களைப் பார்க்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ஆள் பற்றாக்குறையை எந்தப் படிவமும் சரி செய்யாது.

அப்போ வீட்டு ஆட்களுக்கே கற்றுக்கொடுத்துவிட்டால்?

இந்தியாவிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'அட்டெண்ட்' என்ற ஆய்வில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் தொடரச் சொன்னார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. 2017-ல் வந்த முடிவு: ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை.

குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் சில மணி நேரம் காட்டிக்கொடுத்துவிட்டு "இனிமே நீங்க பார்த்துக்கோங்க" என்று பொறுப்பை மகள், மருமகள் தலையில் இறக்கி வைத்தால், பயிற்சி பெற்றவர்களின் வேலைக்கு அது ஈடாகாது.

டிஸ்சார்ஜ் அன்று என்ன கேட்க வேண்டும்?

முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த நேரத்தில் பெரும்பகுதி வீட்டில் கழிகிறது. காவாந்தண்டலத்திலிருந்து தினமும் ஆட்டோ வைத்து டவுனுக்கு பிசியோதெரபிக்குப் போய்வருவது எத்தனை குடும்பத்தால் முடியும்? ஒரு வாரம் போவார்கள், அப்புறம் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான நர்ஸ் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். ஆனால் உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது அந்தக் குழுவுக்குத் தெரிய வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னாலும் சரி.

கிளம்பும் முன் வார்டு சிஸ்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. சாப்பாடு எவ்வளவு கெட்டியாக இருக்கலாம்? எப்படித் தூக்கி உட்கார வைப்பது? (ஒருமுறை நீங்களே செய்து காட்டி, சரிதானா என்று கேளுங்கள்.) டியூப் இருந்தால் எந்தத் தேதியில் மாற்றுவது? எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது? பிரஷர் மாத்திரையை "இப்பதான் நல்லாயிருக்கே" என்று நிறுத்திவிட்டு, இரண்டாவது முறை பக்கவாதத்தோடு வருபவர்கள் உண்டு.

காய்ச்சலோடு இருமல், புதிதாகக் கால் வீக்கம், இடுப்பிலோ குதிகாலிலோ தோல் சிவப்பது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் திடீரென விழுவது மறுபடி வந்தால் நேராக 108. சந்தேகம் கேட்க 104-க்குப் பேசலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். போனில் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது அதைத் தேட நேரம் இருக்காது.