வீட்டுக்கு வர்ற ஹோம் நர்ஸ்: நல்ல கவனிப்புன்னு எதை வெச்சுச் சொல்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவைகளை வெட்டி, படிக்க வசதியா திருத்தியிருக்கோம்.)

இன்னைக்குப் பேசப்போற விஷயம் நம்ம வயசுக்காரங்க யாரும் காலேஜ்ல படிக்காத ஒண்ணு. வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கும். ஊர்ல தாத்தாவோ ஆச்சியோ படுக்கையில இருப்பாங்க. அம்மா ஒத்தையா சமாளிப்பாங்க. ஒருநாள் போன்ல, "ஏஜென்சில சொல்லி ஒரு ஆள் வெச்சிரலாமா?"ன்னு கேப்பாங்க. நாமளும் கூகுள்ல நாலு நம்பர் தேடி, ஸ்டார் ரேட்டிங் பாத்து, பணம் அனுப்பிடுவோம்.

ஒரு போன் வாங்க மூணு ரிவ்யூ பாக்குற நாம, வீட்டுக்குள்ள 12 மணி நேரம் இருக்கப்போற ஒருத்தரை எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கிறோம்? அவங்க வந்த பிறகு, வேலை நல்லா நடக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறோம்? இந்த ரெண்டு கேள்விதான் இன்னைக்கு.

ஏன் இப்போ?

தமிழ்நாடு வேகமா வயசாகிட்டு வர்ற மாநிலம். 2011 சென்சஸ்படி இங்க 60 வயசு தாண்டினவங்க 10.4 சதவீதம். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2021-ல வெளியிட்ட முதியோர் அறிக்கையின் கணிப்புல அது 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

எங்க ஊர் தூத்துக்குடியில இன்னொரு கணக்கும் இருக்கு. துறைமுகம், கப்பல் வேலை, வளைகுடா வேலைன்னு பல வீடுகள்ல ஆம்பளைங்க மாசக்கணக்கா வெளியில இருப்பாங்க. திரேஸ்புரத்துலயும் மணப்பாட்டுலயும் இது சாதாரணம். பிள்ளைங்க முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறி ஒரு ராத்திரி பயண தூரத்துல இருப்பாங்க. அதனால வெளியாள் உதவி இனிமே ஆடம்பரம் கிடையாது, தேவை.

மூணு அடுக்கு

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு சர்வீஸ் நல்லா ஓடுதான்னு பாக்க மூணு இடத்துல பாப்போம். சர்வர் எப்படிப்பட்டது, லாக்ல என்ன பதிவாகுது, கடைசியில யூசருக்கு வேலை நடந்துச்சா. மருத்துவத்துல இதே யோசனையை 1966-லயே ஒருத்தர் எழுதிட்டார். அவர் பேர் அவெடிஸ் டொனபீடியன். பெய்ரூட்ல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்த டாக்டர். தரத்தை மூணா பிரிச்சார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. இன்னைக்கும் உலகம் பூரா ஆஸ்பத்திரித் தரத்தைப் பத்திப் பேசுறவங்க இங்கேருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

இங்கிலாந்துல கேர் குவாலிட்டி கமிஷன்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு. வீட்டுக்கு வந்து கவனிக்கிற நிறுவனங்களையும் அது ஆய்வு செய்யும். அது கேட்கிற கேள்வி அஞ்சு: பாதுகாப்பா இருக்கா, பலன் தருதா, பரிவா நடந்துக்கிறாங்களா, அவங்கவங்க தேவைக்கு ஏத்த மாதிரி இருக்கா, நிர்வாகம் ஒழுங்கா நடக்குதா. ரேட்டிங்கை யார் வேணா போய்ப் பாக்கலாம். நம்ம ஊர்ல ஏஜென்சியைக் கூப்பிடும்போது அப்படி ஒரு பட்டியல் கையில இல்லை. அதனால ஆய்வாளர் வேலையையும் குடும்பமே செய்யணும்.

முதல் அடுக்கு: வர்றவங்க யாரு?

'ஹோம் நர்ஸ்'ங்கிற ஒரே பேருக்குள்ள மூணு விதமான ஆட்கள் இருக்காங்க.

ஒண்ணு, பதிவு பெற்ற நர்ஸ். பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். படிச்சு, தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில்ல பதிவு செஞ்சவங்க. அவங்களுக்குப் பதிவு எண் இருக்கும். ரெண்டு, ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட், சுருக்கமா ஜி.டி.ஏ. குறுகிய காலப் பயிற்சி முடிச்சவங்க. மூணு, எந்தப் பயிற்சியும் இல்லாம அனுபவத்துல வேலை பாக்குறவங்க.

மூணு பேருமே தேவைப்படுறவங்கதான். குளிப்பாட்ட, உடுப்பு மாத்த, சாப்பாடு ஊட்ட, திருப்பிப் படுக்க வைக்க நல்ல ஜி.டி.ஏ. போதும். ஊசி போடுறது, யூரின் ட்யூப் மாத்துறது, மூக்கு வழியா ட்யூப் இறக்குறது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுறது எல்லாம் நர்ஸ் வேலை. மூணாவது ஆளை முதல் ஆள்னு சொல்லி அனுப்புறப்போதான் சிக்கல் வருது.

எங்க வீட்டுலயே இது நடந்துச்சு. ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. ஒரு ஏஜென்சி 'ட்ரெயினிங் முடிச்ச நர்ஸ்'னு ஒரு அக்காவை அனுப்புச்சு. ரெண்டாவது நாளே அந்த அக்கா அம்மாகிட்ட, "அக்கா, நான் நர்ஸ் கிடையாது. போன மாசம் வரைக்கும் உப்பளத்துலதான் வேலை பாத்தேன். நர்ஸுன்னு சொல்லிக்கோன்னாங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஏஜென்சியைக் கேட்டா, "அனுபவம் உள்ளவங்கதான் மேடம்"னு ஒரே பதில்.

அதனால ஆள் வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. பதிவு எண் என்ன? அசல் சான்றிதழைப் பாக்கலாமா? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ ஏஜென்சிக்குப் பதிவு இருக்கா? இவங்க லீவு போட்டா யார் வருவாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த நர்ஸ் போன் எடுப்பாங்க? வர்றவங்களைப் பத்தின விசாரணைக்கு, தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். சந்தேகப்படுறோம்னு அர்த்தம் இல்லை. வாடகைக்கு வீடு குடுக்கும்போது செய்யறதுதானே.

ரெண்டாவது அடுக்கு: தினமும் என்ன நடக்குது?

எங்க வீட்டுல ஏஜென்சி குடுத்த நோட்டுல தினமும் ஒரே வரி: 'நோயாளி நன்றாக இருக்கிறார்.' மூணு வாரம் அதே வரி. மூணாவது வாரம், அரசுத் திட்டத்துல வர்ற பிசியோதெரபிஸ்ட் ஆச்சியை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பார்த்தாங்க. முதுகு முடியுற இடத்துல தோல் கருத்து, சூடா இருந்துச்சு. படுக்கைப் புண்ணோட ஆரம்பம். நோட்டுப்படி அன்னைக்கும் நோயாளி நன்றாகத்தான் இருந்தார்.

நல்ல நோட்டு எப்படி இருக்கும்? நேரம் இருக்கும். 'காலை 6: இடது பக்கம் திருப்பினேன். 8: ரெண்டு இட்லி, அரை டம்ளர் தண்ணி. 8.30: பி.பி. மாத்திரை. 10: வலது பக்கம். யூரின் 300 மில்லி, கலங்கலா இருக்கு, நர்ஸுக்குச் சொன்னேன்.' இப்படி எழுதினா, அடுத்த ஷிப்டுக்கு வர்றவங்களுக்குப் படிச்ச உடனே நிலைமை புரியும். டாக்டருக்கும் பிரயோஜனம். இந்த மாதிரியே பாருங்க, 6 மணிக்கும் 10 மணிக்கும் நடுவுல எட்டு மணிக்குத் திருப்பினது பதிவாகலை. நேரம் எழுதினாத்தான் அந்த ஓட்டை கண்ணுல படும்.

பாதுகாப்புன்னு வரும்போது நாலு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

படுக்கைப் புண்: தானா அசைய முடியாதவங்களைப் பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும். முதுகு முடியுற இடம், இடுப்போட ரெண்டு பக்கம், குதிகால் மூணையும் தினமும் வெளிச்சத்துல பாக்கணும். புத்தகத்துல 'சிவப்பு'ன்னு போட்டிருக்கும். நம்ம நிறத்துக்குச் சிவப்பு தெரியாமப் போகலாம். கருத்தோ ஊதா நிறமாவோ தெரியும், சுத்தியிருக்கிற தோலைவிடச் சூடாவோ கெட்டியாவோ இருக்கும். ஏர் பெட் உதவும், ஆனா ஏர் பெட் வாங்கியாச்சுன்னு திருப்புறதை நிறுத்தக் கூடாது.

ட்யூப்: யூரின் பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையைத் தொடக் கூடாது. மூக்கு ட்யூப்ல கஞ்சி குடுக்கும்போது தலைமாடு 30 டிகிரிக்கு மேல உயர்ந்திருக்கணும். குடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கணும். படுக்க வெச்சு ஊத்தினா நுரையீரலுக்குள்ள போகும், நிமோனியா வரும்.

மருந்து: இன்சுலின் போட்டுட்டுச் சாப்பாடு தாமதமானா சர்க்கரை இறங்கிடும். 70-க்குக் கீழ போனா உடனே சீனியோ குளுக்கோஸோ குடுக்கணும். மயக்கத்துல இருக்கிறவங்களுக்கு வாய்ல எதுவும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடணும். இன்னொண்ணு, பகல் பூரா தூங்கிட்டே இருக்காங்கன்னா தூக்க மாத்திரையை எண்ணிப் பாருங்க. ராத்திரி தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னு கூடுதலா குடுக்குறது நடக்கக் கூடிய விஷயம்.

விழுறது: கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் நீங்களே ஒருதடவை ராத்திரி லைட் இல்லாம நடந்து பாருங்க. எங்க கைப்பிடி வேணும், எந்த மிதியடி வழுக்குதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

மூணாவது அடுக்கு: கடைசியில என்ன ஆச்சு?

இதுக்குத் தமிழ்நாட்டுலயே பெரிய உதாரணம் இருக்கு: மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை குடுப்பாங்க. படுக்கையில இருக்கிறவங்களுக்குப் பிசியோதெரபியும், வலி தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வருவாங்க. 2024-ல ஐ.நா.வோட விருதும் கிடைச்சுது.

தொடங்குறதுக்கு முந்தின நிலைமை என்ன? 2020-ல தமிழ்நாட்டுல நடந்த ஒரு சர்வேயில, ரத்த அழுத்தம் உள்ளவங்கள்ல அது கட்டுப்பாட்டுல இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரையில 10.8 சதவீதம். அதாவது டாக்டரும் மாத்திரையும் இருக்கிற மாநிலத்துலயே, நூறுல தொண்ணூறு பேருக்கு நம்பர் கட்டுக்குள்ள இல்லை.

அந்தத் திட்டத்தை எடை போடணும்னா 'எத்தனை வீட்டுக்குப் போனாங்க'ங்கிறது செயல்முறைக் கணக்கு. 'எத்தனை பேரோட பி.பி. குறைஞ்சுது'ங்கிறதுதான் விளைவு. உங்க வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். அந்த அக்கா நேரத்துக்கு வந்தாங்களாங்கிறதோட நிறுத்தாம மாசம் ஒருதடவை கேளுங்க: தோல் நல்லா இருக்கா? எடை குறைஞ்சிருக்கா? எத்தனை தடவை விழுந்தாங்க? திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா? போன மாசம் தானா செஞ்ச எதையாவது இப்போ செய்ய முடியாமப் போச்சா?

இதோட ஒரு கேள்வி, நோயாளிகிட்ட தனியா கேக்கணும்: "உங்களை எப்படி நடத்துறாங்க?" ஆள் பக்கத்துல இருக்கும்போது கேட்டா உண்மை வராது. பேச முடியாதவங்கன்னா முகத்தைப் பாருங்க. ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ள வந்தா மட்டும் சுருங்குறாங்கன்னா அதுவும் ஒரு தகவல். கேமரா வெக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு, ஹால்ல வெக்கலாம். குளிப்பாட்டுற, உடுப்பு மாத்துற இடத்துல வேண்டாம். ஆச்சிக்கும் மானம் இருக்கு, அந்த அக்காவுக்கும் இருக்கு.

கயிறு பிடிக்கிறவர்

எங்க கடற்கரையில முத்துக்குளிப்பு கடைசியா 1961-ல நடந்துச்சு. அதைப் பத்தி ஒண்ணு சொல்லுவாங்க. கடலுக்குள்ள இறங்குறவரோட உயிர், தோணியில கயிறு பிடிக்கிறவர் கையில. அதனால கயிறைப் பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன், அதாவது மச்சான்கிட்டதான் குடுப்பாங்களாம். கயிறை விட்டா அவன் அக்கா தங்கச்சி வாழ்க்கைதானே போகும்! நம்பிக்கையை வெறும் நல்ல மனசு மேல விடாம, கயிறு பிடிக்கிறவருக்கும் அதுல ஒரு பங்கு வெச்சிருக்காங்க.

வீட்டுக்கு வர்றவங்களுக்கு அந்தப் பங்கு என்ன? நீங்க ஏஜென்சிக்குக் குடுக்கிற பணத்துல அவங்க கைக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டிருக்கீங்களா? 24 மணி நேர டியூட்டின்னா அவங்க எப்போ தூங்குறாங்க? ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுந்து திருப்புற ஆள் பகல்லயும் முழிச்சிருக்கணும்னா, தப்பு நடக்கத்தான் செய்யும். தூங்க தனி இடம், வாரம் ஒரு நாள் லீவு, நேரத்துக்குச் சம்பளம், சாப்பாடு. இதெல்லாம் தர்மத்துல சேராது, நோயாளியோட பாதுகாப்புல சேரும்.

எங்க வீட்டுல அந்த அக்காவையே வெச்சுக்கிட்டோம். ஏஜென்சியை மட்டும் விட்டுட்டோம். அரசு நர்ஸ் வந்தப்போ திருப்புற விதத்தை ரெண்டு நாள் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தாங்க. அடுத்த வாரத்துலேருந்து நோட்டுல நேரம் வர ஆரம்பிச்சுது. தோலும் ஆறிடுச்சு.

பிரச்சினைன்னா யாரைக் கேக்குறது?

பணம் குடுத்து வாங்குற சேவைன்னா நீங்க நுகர்வோர். காசுக்குச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிருச்சு. இப்போ 2019 சட்டம் நடைமுறையில இருக்கு. உதவி எண் 1915. அதுக்கு ஆதாரம் வேணும். வாய்ப்பேச்சு வேண்டாம். யார் வருவாங்க, என்ன தகுதி, என்னென்ன வேலை, எவ்வளவு பணம்னு எழுத்துல வாங்குங்க. பில் கேளுங்க, அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீங்க. முதியவரை அடிக்கிறாங்க, மிரட்டுறாங்கன்னு தெரிஞ்சா 14567, முதியோருக்கான உதவி எண். உயிருக்கு ஆபத்துன்னா முதல்ல அந்த இடத்துலேருந்து வெளிய கொண்டுவாங்க, புகார் அப்புறம்.

இந்த எபிசோடைக் கேட்டுட்டு ஒரே ஒரு வேலை செய்யுங்க. ஊர்ல உங்க வீட்டுல ஆள் வெச்சிருந்தா, இன்னைக்கு ராத்திரி போன் போட்டு அந்த நோட்டோட கடைசி மூணு நாள் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுல நேரம் இருக்கா, இல்ல 'நன்றாக இருக்கிறார்' மட்டும்தான் இருக்கான்னு பாருங்க. அடுத்து என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.