கொலு விளக்குக்குள் ஒரு வட்டு

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே பேட்டரி அகல்விளக்குகளும் குவிந்துவிடும். எண்ணெய் வேண்டாம், பட்டுப்பாவாடையில் தீப்பிடிக்குமோ என்ற பயமும் இல்லை. ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். பல விளக்குகளில் நகத்தால் நெம்பினாலே மூடி கழன்றுவிடும். உள்ளே சி.ஆர். 2032 என்று பொறித்த வெள்ளி நிற வட்டு, அதாவது பொத்தான் பேட்டரி. குறுக்களவு 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ.

அதைக் குழந்தை விழுங்கினால், பேட்டரி உடைந்து ரசாயனம் கசிந்தால்தானே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கீறல்கூட விழாத பேட்டரியே போதும். இந்த அளவு வட்டு சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில், பெரும்பாலும் கழுத்தருகே உள்ள குறுகலில், சிக்கிக்கொள்ளும். ஈரச் சதை இரு முனைகளையும் தொட்டதும் மின்சாரம் ஓடும். நீரைப் பிரிக்கச் சுமார் 1.23 வோல்ட் போதும். இதில் இருப்பதோ 3 வோல்ட். எதிர்மின் முனைப் பக்கம் ஹைட்ராக்சைடு சேர்ந்து, காஸ்டிக் சோடா பட்டதுபோலச் சதை வெந்துவிடும். 2 மணி நேரத்தில் ஆழமான புண். ‘தீர்ந்துபோச்சு’ என்று மேஜையில் கழற்றி வைக்கிறோமே, அதிலும் இதற்கான மிச்சம் இருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் எச்சில் வடிவதும் இருமலும் சாப்பாட்டை மறுப்பதும் சளி என்றே தோன்றும். எக்ஸ்ரேயிலும் காசுபோலத்தான் தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்றுதான் டாக்டர்கள் தேடுவார்கள்.

காசு விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருப்பது நம் வீட்டு வழக்கம். இதற்கு அது ஆகாது, வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது. உடனே எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ அழைக்கலாம். போகும் வழியில் தரக்கூடியது தேன் மட்டுமே. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பன்றிக்குட்டிகளிடம் சோதித்தபோது, தேன் புண்ணின் ஆழத்தைக் குறைத்தது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரம் ஆகாதிருந்தால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை வீணாக்கக்கூடாது. பேட்டரியை எடுத்த பிறகும் சில வாரங்கள் கண்காணிப்பு தேவை. அரிப்பு பெரிய ரத்தக்குழாய்வரை போய்விடுவதுண்டு.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் கொலு விளக்கு பொம்மைக் கணக்கில் வராது. கார் சாவியும் எடை மெஷினும் அப்படித்தான். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2022-இல் பொத்தான் பேட்டரி போடும் வீட்டுச் சாமான்களையும், மூடி எளிதில் கழலக்கூடாது என்ற விதிக்குள் கொண்டுவந்தன. மாட வீதியில் இப்போதைக்கு, “அடியில ஸ்க்ரூ இருக்குங்களா?” என்று கேட்டு வாங்குவதுதான் வழி.