வளைந்த நீர், விளைந்த உப்பு

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். அங்கே உப்பை விளைவிப்பவை வெயிலும் காற்றும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதி நீர் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் தன் இரண்டு ஹைட்ரஜன்களையும் நேர்கோட்டில் பிடித்திருந்தால் கடல் இப்படிக் கரித்திருக்காது. உப்பளத்துக்கும் வேலை இருந்திருக்காது.

ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எலெக்ட்ரான்கள். அவற்றில் இரண்டை ஹைட்ரஜன்களோடு பகிர்ந்துகொண்டதுபோக, மீதி நான்கும் இரண்டு ஜோடிகளாகத் தனித்து நிற்கின்றன. அந்தத் தனி ஜோடிகள் நெருக்குவதால் இரு பிணைப்புகளுக்கும் இடையிலான கோணம் 104.5 பாகை ஆகிறது. பகிர்ந்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுப்பதால் அந்த முனையில் சற்றே எதிர்மின்னும், ஹைட்ரஜன் முனைகளில் சற்றே நேர்மின்னும் சேர்கின்றன. கரியமில வாயுவிலும் இந்த இழுப்பு உண்டு. ஆனால் அது நேர்கோட்டு மூலக்கூறு என்பதால் இருபக்க இழுப்பும் சரிக்குச் சரியாய்க் கழிந்துபோகிறது. வளைந்த நீரில் கழியாமல் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் சோடியத்தை ஆக்சிஜன் முனைகளாலும் குளோரைடை ஹைட்ரஜன் முனைகளாலும் சூழ்ந்துகொண்டு, இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. நீருக்குள் அவற்றுக்கிடையேயான ஈர்ப்பு, வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

வளைவு மட்டும் போதுமா என்று வேதியியல் படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உப்பங்கழிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழுமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும் வளைந்த மூலக்கூறுதான். கோணம் 92 பாகை. பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் பெயரிடும் முறையில் நீர் ‘ஆக்சிடேன்’, இது ‘சல்ஃபேன்’, பெயரிலேயே உடன்பிறப்புகள். ஆனாலும் சல்ஃபேன் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீர் 100 டிகிரிவரை தாங்குகிறது. கந்தகத்தைவிட ஆக்சிஜன் சிறியது, எலெக்ட்ரானை வலுவாக இழுப்பது. அதனால் ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை உறுதியாகப் பற்றுகிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. 2011-ல் இதற்குப் புதிய வரையறை தந்த பன்னாட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அருணன். கடுங்குளிரில் இரண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறுகளும் இதே பிணைப்பால் சேர்வதை அவர் பங்கேற்ற ஆய்வு 2018-ல் காட்டியது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பிணைப்பின் வலிமையில்தான். வளைவும் ஆக்சிஜனின் இழுப்பும் சேர்ந்தால்தான் நீர் நீராகிறது.

வெயில் அடித்தால் எதுவும் காயுமே, இதில் மூலக்கூறுக்கு என்ன வேலை என்பது அடுத்த மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். ஒரு கிலோ உப்பெடுக்க ஏறக்குறைய 37 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். அந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்து அத்தனை நீரையும் காற்றில் ஏற்றச் செலவாகும் வெப்பம் சுமார் 25 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சூரியன் இதை இலவசமாகத் தருவதால்தான் உப்பு மலிவாகக் கிடைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, அதே வெப்பநிலையில் உள்ள செறிந்த உப்புநீர் மேற்கொண்டு ஆவியாகாது. குவித்து வைத்த உப்புகூடக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியும்.

மூலக்கூறின் வேலைக்கு உப்பளப் பாத்திக்குள்ளேயே கண்கூடான சான்று இருக்கிறது. நீர் சுண்டச் சுண்ட, உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் சுமார் 25 டிகிரி வந்ததும் உப்புப் பூக்கிறது. 30 டிகிரியை நெருங்கியதும் மிஞ்சிய கசப்புநீரைத் திறந்துவிட வேண்டும். அதில் தேங்கியிருப்பது மக்னீசியம். ஒவ்வொரு மக்னீசிய அயனியும் ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்திருக்கிறது. சோடியத்தின் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. சோடியம் நீரை விட்டு வந்து குளோரைடோடு படிகமாகும்போது மக்னீசியம் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. சமையலறை உப்புக்கும் கசப்புநீருக்கும் நடுவே கோடு கிழிப்பது இந்தப் பிடிமானம்தான். வெயில் இரண்டின் மேலும் ஒன்றாகத்தான் அடிக்கிறது.

இந்தக் கடற்கரைப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 104.5 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதுமுன், உப்பு வாரும் மாதங்களில் ஒருநாள் பிள்ளைகளை மரக்காணம் பாத்திகளுக்கு அழைத்துச் செல்லுங்கள்.